பயிற்றுநர் பிரிவும் பயிற்சியின் நிலைபேறும்

ஊவா மாகாணத்துத் தோட்டங்களின் பழைய வரலாற்றிலே ‘துண்டு’ என்னுஞ் சொல்லுக்கு ஒரு தனியிடம் உண்டு. ஒரு கங்காணியும் அவருடைய ஆட்களும் தோட்டத்துக்குப் பட்டிருந்த கடன் இவ்வளவு என்றும், அக்கடனைத் தீர்ப்பவரிடம் அவர்களை விட்டுவிடத் தமக்குச் சம்மதம் என்றும் தோட்டத்துரை எழுதிக் கொடுத்த சிறு கடதாசியே துண்டு எனப்பட்டது. ஆட்குறைவால் வருந்திய அயல் தோட்டத்தார் கங்காணிக்கு மிகுந்த முன்பணங் கொடுத்து, பழைய கடனையும் தீர்த்து, அவரைத் தம் பக்கம் ஈர்த்துக் கொண்டனர். கங்காணி பெயர்ந்தால் அவர் கொண்டுவந்த ஆட்கள் அனைவரும் உடன் பெயர்ந்தனர். தோட்டம் ஒரே நாளில் வெறிச்சோடியது. ஹாலிஎல, பதுளை, தெமோதரை முதலிய இடங்களைச் சூழ்ந்த தோட்டங்களில் இன்று வாழும் மக்களின் முன்னோர் இம்முறையின் கீழ் வாழ்ந்தவர்களே. 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

துண்டு மறைந்த போதிலும், ஒரு கூட்டத்தின் தலைவனை மற்றொரு கூட்டம் ஈர்த்துக்கொள்ளும் வழக்கம் உலகினின்றும் மறைந்துவிடவில்லை. தற்காலத்தில் அதனை மிகத் தெளிவாகக் காணக்கூடிய இடம் விளையாட்டரங்கமாகும். ஓர் அணியினராற் பெரிதும் மதிக்கப்பெற்ற பயிற்றுநர் எதிரணிக்குச் சென்றுவிடுகிறார். கங்காணியைப் போல அவர் ஆட்களை உடனழைத்துச் செல்வதில்லை, தனியாகவே செல்கிறார். ஆயினும் ஆட்களை இழந்ததிலும் பெரிய இழப்பு நேர்ந்ததுபோல அணியினர் கலங்குகின்றனர். அவர் எடுத்துச் செல்வது யாது? விட்டுச் செல்வது யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பது விளையாட்டுக்கு மாத்திரமன்றிக் கல்விக்கும் பயன்தருவதாகும்.

பயிற்றுநர் எனப்படுபவர் செய்யும் பணி யாதென்பது முதற்கண் அறியற்பாலது. அமெரிக்க மக்கள் பெருவிருப்புடன் ஆடும் ‘பேஸ் போல்’ ஆட்டத்தில் பந்தெறிபவனுக்கெனத் தனியொரு பயிற்றுநர் உண்டு. அவ்வாட்டத்தில் 60 அடி 6 அங்குலத் தொலைவிலிருந்து, கிரிக்கட் ஆட்டத்திற் போலப் பந்து நிலத்திற் பட்டெழாதவாறு, அடிப்பவனை நோக்கி நேரே எறிதல் வேண்டும். ஒரே ஆட்டத்தில் ஏறக்குறைய நூறு முறை முழுவலிமையுடன் எறிபவனின் தோளும் முழங்கையும் எளிதிற் பழுதுறும். ஆதலின் எவ்வளவு எறிதல், எப்பொழுது ஓய்தல், எந்த அடிப்பவனுக்கு எவ்வகைப் பந்தை எறிதல் என்பனவற்றையெல்லாம் வகுத்துரைப்பது அப்பயிற்றுநரின் கடமையாகும். கிரிக்கட் அணிகளில் இப்பணியைப் பந்துவீச்சுப் பயிற்றுநர் ஆற்றுகிறார். அணி முழுவதற்கும் பொறுப்பான தலைமைப் பயிற்றுநர் வேறாக இருப்பார்.

பேஸ் போல் வரலாற்றில் இத்துறையிற் பெரும் புகழெய்தியவர்களுள் ஒருவர் லியோ மசோனி. அவர் 1990ஆம் ஆண்டின் நடுப்பகுதி தொடக்கம் 2005 வரை அற்லாண்டா பிரேவ்ஸ் அணியின் பந்தெறிவோருக்குப் பயிற்சியளித்தார். இரண்டு ஆட்டங்களுக்கு இடையில் ஒருமுறை எறிந்து பழகுவதே பிற அணிகளின் வழக்கமாயிருக்க, மசோனி இருமுறை எறிவித்தார். ஆனால் முழுவலிமையைச் செலுத்த விடவில்லை. களைப்பின்றிப் பழக்கத்தை வளர்ப்பதே அவர் கண்ட நெறி. 1991 முதல் 1998 வரையுள்ள காலத்தில், சிறந்த பந்தெறிவோனுக்குரிய ‘சை யங்’ விருதை கிளவின், மடக்ஸ், ஸ்மோல்ற்ஸ் என்னும் மூவரும் அவ்வணிக்கு ஆறு முறை ஈட்டிக் கொடுத்தனர். ஆட்டப் பருவம் இடையிலே நின்றுபோன 1994 நீங்கலாக, 1991 முதல் 2005 வரை அவ்வணி தன் பிரிவில் தொடர்ந்து 14 முறை முதலிடம் பெற்றது.

2005ஆம் ஆண்டின் இறுதியில் மசோனி பல்ரிமோர் ஓரியோல்ஸ் அணிக்குச் சென்றார். அடுத்த ஆண்டே அற்லாண்டாவின் தொடர்வெற்றி முறிந்தது. இதனை மட்டும் நோக்குவோர், ஆசிரியர் போனார், வெற்றியும் போயிற்று என்று முடிவு கட்டுவர். ஆனால் பல்ரிமோர் நிகழ்ந்ததையும் நோக்குதல் வேண்டும். அவரை அழைத்துக்கொண்ட அவ்வணி 2006இலும் 2007இலும் தொண்ணூற்றுக்கு மேற்பட்ட தோல்விகளை அடைந்தது. 2007இன் இறுதியில் அவர் பதவியிழந்தார். ஆசிரியரை இழந்த அணியும் தாழ்ந்தது. பெற்ற அணியும் உயரவில்லை. மசோனி பிரியுமுன்னரே கிளவினும் மடக்ஸும் அற்லாண்டாவை விட்டு நீங்கிவிட்டனர் என்பதும் ஈண்டு நினைவுகொள்ளத்தக்கது. நெறி ஆசிரியருடையதாயினும் அது விளைந்த நிலம் மாணவருடையது என்பது இதனாற் புலனாகும்.

ஊவாத் தேயிலையை அறிந்தவர்க்கு இவ்வுண்மை புதிதன்று. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டுதல், உருட்டுதல், புளிக்கவைத்தல், உலர்த்துதல் ஆகியவற்றை மேற்பார்க்கும் டீமேக்கர் கைதேர்ந்தவராயின், அவரை வேறு தோட்டத்தார் அழைத்துக்கொள்ளல் இயல்பே. அவர் தம் கைத்திறனைக் கொண்டு செல்லலாம். ஆனால் யூலை முதல் செப்ரெம்பர் வரை ஊவா மலைச்சரிவுகளில் வீசி, கொழுந்துக்குத் தனிமணம் ஊட்டும் வறண்ட காற்றைக் கொண்டு செல்லல் அவராலும் இயலாது.

இனி, இலங்கையிலேயே நிகழ்ந்த ஒன்றை நோக்கலாம். இங்கிலாந்தைச் சேர்ந்த போல் ஃபார்பிரேஸ் என்பவர் 2007 முதல் 2009 வரை, தலைமைப் பயிற்றுநர் ட்ரெவர் பெய்லிசின் கீழ் இலங்கைக் கிரிக்கட் அணியின் துணைப் பயிற்றுநராக இருந்தார். 2009 மார்ச் 3ஆம் திகதி லாகூர் நகரில் இலங்கை அணியினர் சென்ற பேருந்து தாக்கப்பட்டபொழுது அவரும் காயமுற்றார். துன்பத்தை உடனிருந்து அனுபவித்தவர் என்ற முறையில் அணியினர் அவர்பாற் கொண்ட அன்பு, வெறும் தொழிலுறவைக் கடந்ததாயிற்று. 2013 டிசெம்பரில் அவர் தலைமைப் பயிற்றுநராகத் திரும்பி வந்தார். 2014 மார்ச் 8ஆம் திகதி ஆசியக் கிண்ணத்தையும், ஏப்பிரல் 6ஆம் திகதி இந்திய அணியை வென்று இருபதுக்கு இருபது உலகக் கிண்ணத்தையும் இலங்கை பெற்றது. இவ்விரு இறுதியாட்டங்களும் டாக்கா நகரின் மிர்பூர் அரங்கிலேயே நடைபெற்றன. 2007, 2009, 2011, 2012 ஆகிய ஆண்டுகளில் உலகக் கிண்ண இறுதியாட்டங்களில் தோற்றுத் தோற்றுச் சோர்ந்திருந்த நாட்டுக்கு அவ்வெற்றி அளித்த மகிழ்ச்சி சொல்லுந்தரத்தன்று.

அம்மகிழ்ச்சி அடங்குமுன்னரே, அதே ஏப்பிரல் மாதத்தில், ஃபார்பிரேஸ் பதவி துறந்து இங்கிலாந்து அணியின் துணைப் பயிற்றுநரானார். ஒஸ்திரேலியாவில் ஐந்து டெஸ்ட் ஆட்டங்களிலும் தோற்று, உலகக் கிண்ணத்தில் நெதர்லாந்திடமும் தோற்றிருந்த இங்கிலாந்து, பீற்றர் மூர்ஸ் என்பவரைத் தலைமைப் பயிற்றுநராக்கி அணியைப் புதுக்கத் தொடங்கியிருந்தது. ஃபார்பிரேசுக்கு இங்கிலாந்தே தாய்நாடு. ஆதலின் அவ்வழைப்பை அவர் ஏற்றமை வியப்பன்று. ஆனால் இலங்கை அணி அடுத்த மாதமே செல்லவிருந்த நாடும் இங்கிலாந்தே. நேற்றுவரை ஒரே அறையில் அமர்ந்து ஒவ்வொருவரின் குறையையும் நிறையையும் ஆராய்ந்தவர், நாளை எதிரணியின் அறையில் அமர்ந்து அவற்றையே எடுத்துரைப்பார். அணியினரின் கலக்கத்துக்குக் காரணம் இதுவே.

இத்தகைய பயிற்றுநர் ஒருவர் கொண்டு செல்லக்கூடியவற்றை நான்காக வகுக்கலாம். முதலாவது, செய்தி. இன்ன ஆட்டக்காரன் இவ்வகைப் பந்துக்குத் தடுமாறுவான் என்பது போன்றன இதனுள் அடங்கும். முன்னாளில் இதற்குப் பெருமதிப்பு இருந்தது. இந்நாளிலோ ஒவ்வொரு பந்தும் படம்பிடிக்கப்பட்டு எல்லா அணியினராலும் ஆராயப்படுகின்றது. ஆதலின் மறைபொருளாக எஞ்சுவது சிறிதே. குறிப்புச் சைகைகளையும் திட்டங்களையும் ஒரே மாலையில் மாற்றிவிடலாம்.

இரண்டாவது, ஆளறிவு. நெருக்கடி வேளையில் எவன் பொறுமையிழப்பான், எவன் கடிந்துரைத்தால் எழுவான், எவன் தட்டிக்கொடுத்தால் எழுவான் என்பது படத்திலே தெரிவதன்று. உடன் வாழ்ந்தவனுக்கே தெரிவது. இது செய்தியினும் வலியது. ஆயினும் ஆட்டக்காரர் மாற மாற இதன் பயனும் தேய்ந்து போகும். மூன்றாவது, நெறி. பயிற்சியின் முறையை ஆசிரியர் புதிய இடத்துக்குக் கொண்டு செல்லலாம். ஆனால் பழைய இடத்திலிருந்து அதனை நீக்கிச் செல்ல முடியாது. மாணவனின் உடலிற் பழக்கமாகப் பதிந்த நெறி அவனுக்கே உரியது. நான்காவது, நம்பிக்கை. அவர் நம் பக்கம் இருக்கிறார் என்ற எண்ணத்தால் விளைந்த மனவுறுதி, அவர் பிரிந்த அன்றே ஆட்டங் காண்கிறது. உண்மையில் ஓர் அணி இழப்பது இந்நான்காவதையே. அதனை மீளப் பெறும் வழி அணியின் உள்ளேயே இருத்தல் வேண்டும்.

2014இல் இலங்கை அணிக்குள் அவ்வழி இருந்தது. ஏற்கெனவே துணைப்பணி ஆற்றிவந்த முன்னாள் தலைவர் மாவன் அத்தபத்து இடைக்காலத் தலைமைப் பயிற்றுநரானார். வேகப்பந்து வீசுவோருக்குப் பயிற்சியளித்த சமிந்த வாஸ் அணியிலேயே இருந்தார். இங்கிலாந்து நிலத்தின் இயல்பறிந்த கிறிஸ் அடம்ஸ் என்னும் ஆங்கிலேயரை ஆலோசகராக இலங்கை அமர்த்திக்கொண்டது. இவையெல்லாவற்றினும் மேலாக, மகேல ஜயவர்தன, குமார் சங்கக்கார, ரங்கன ஹேரத் போன்ற மூத்தோர் தாமே ஆசிரியர் நிலையில் இருந்தனர்.

மே 20ஆம் திகதி நடைபெற்ற இருபதுக்கு இருபது ஆட்டத்தில் இலங்கை 9 ஓட்டங்களால் வென்றது. ஒருநாள் ஆட்டங்கள் ஐந்தனுள் ஒன்றில் 67 ஓட்டங்களுக்கே அனைவரும் ஆட்டமிழக்க நேர்ந்த போதிலும், 3-2 என்ற கணக்கில் தொடர் இலங்கைக்கே கிடைத்தது. லோர்ட்ஸ் அரங்கில் நடந்த முதலாவது டெஸ்ட் ஆட்டத்தில், இறுதி விக்கட் மாத்திரம் எஞ்சிய நிலையில் இலங்கை தோல்வியினின்றும் தப்பியது.

இரண்டாவது டெஸ்ட் ஆட்டம் யூன் 20 முதல் 24 வரை லீட்ஸ் நகரின் ஹெடிங்லி அரங்கில் நடைபெற்றது. முதல் இன்னிங்ஸில் 108 ஓட்டங்கள் பின்தங்கிய இலங்கையை, இரண்டாம் இன்னிங்ஸில் தலைவர் அஞ்சலோ மத்தியூஸ் 160 ஓட்டங்கள் பெற்று நிமிர்த்தினார். எட்டாவது விக்கட்டுக்கு அவரும் ஹேரத்தும் சேர்ந்து 149 ஓட்டங்கள் பெற்றனர். 350 ஓட்டங்களை இலக்காகக் கொண்ட இங்கிலாந்து, நான்காம் நாள் முடிவில் 57 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கட்டுகளை இழந்திருந்தது. ஆயினும் ஐந்தாம் நாள் முழுதும் மொயின் அலி வீழ்த்தவொண்ணாதவராய் நின்று 108 ஓட்டங்கள் பெற்றார். கடைசியாக வந்த ஜேம்ஸ் அண்டர்சன் ஓர் ஓட்டமும் பெறாது 54 பந்துகளைத் தடுத்துவிட்டார். ஆட்டம் முடிய இரண்டே பந்துகள் எஞ்சியிருந்தன. அவற்றுள் முதற்பந்தை ஷமிந்த எரங்க நெஞ்சளவு எழுமாறு வீச, அண்டர்சன் அதனைத் தட்டிப் பிடிகொடுத்தார். இலங்கை 100 ஓட்டங்களால் வென்றது. ஒன்றுக்கு மேற்பட்ட டெஸ்ட் ஆட்டங்களைக் கொண்ட ஒரு தொடரை இங்கிலாந்து மண்ணில் இலங்கை வென்றது அதுவே முதன்முறை. எதிரணியின் அறையிலிருந்து அதனைக் கண்டவர்களுள் ஃபார்பிரேசும் ஒருவர்.

பிரிந்து சென்ற ஆசிரியராற் பழைய அணிக்கு யாதொரு தீங்கும் இல்லை என்று இதனாற் கூறிவிடலாமோ எனின், கூறலாகாது. சந்திக்க ஹத்துருசிங்க என்னும் இலங்கையர் 2014 முதல் 2017 வரை பங்களாதேச அணியின் பயிற்றுநராக இருந்து அதனை உயர்த்தினார். 2017இன் இறுதியில் அதனைத் துறந்து தம் நாட்டு அணியின் பயிற்றுநரானார். 2018 ஜனவரியில் டாக்காவில் இரு அணிகளும் சந்தித்தபொழுது, முதலாட்டத்திற் பங்களாதேசம் 163 ஓட்டங்களால் வென்றது. ஆயின் ஜனவரி 25ஆம் திகதி இலங்கை அவ்வணியை 82 ஓட்டங்களுக்குச் சுருட்டியது; இறுதியாட்டத்திலும் 79 ஓட்டங்களால் வென்றது. ஆளறிவு புதிதாக இருக்கும் காலத்தில் அது கூரிய படைக்கலமாதல் கூடும் என்று கருத இது இடமளிக்கிறது. ஆனால் இரு மாதங்கள் கழிந்து மார்ச்சில் கொழும்பில் நடந்த சுதந்திரக் கிண்ணத் தொடரில், பந்துவீச்சுப் பயிற்றுநரான கோட்னி வோல்ஷ் இடைக்காலப் பொறுப்பேற்றிருந்த அதே பங்களாதேசம் இலங்கையை இருமுறை வென்று, இறுதியாட்டத்துக்கு வரவிடாது தடுத்தது. படைக்கலம் விரைவில் மழுங்கிவிட்டது.

மற்றொரு புறத்தையும் நோக்குக. 2016இல் இலங்கை அணி மீண்டும் இங்கிலாந்து சென்றது. அப்பொழுது இங்கிலாந்தின் தலைமைப் பயிற்றுநர் பெய்லிஸ், துணைவர் ஃபார்பிரேஸ். இலங்கையில் ஒன்றாகப் பணியாற்றிய இருவரும் எதிரணியில் ஒன்றாக அமர்ந்திருந்தனர். முன்னர் வெற்றி கொண்டாடிய அதே ஹெடிங்லியில் இலங்கை 91, 119 என்ற ஓட்டங்களுக்கு இருமுறை வீழ்ந்தது. தொடரையும் 2-0 என இழந்தது. இதனைப் பயிற்றுநர்களின் மறையறிவால் விளைந்ததெனக் கொள்ளல் பொருந்தாது. அவர்கள் நெருங்கி அறிந்திருந்த ஜயவர்தனவும் சங்கக்காரவும் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டனர். உண்மையில் இலங்கையைத் தாழ்த்தியது பயிற்றுநரின் பிரிவன்று. மூத்தோர் சென்றபின் அவரிடத்தை நிரப்புவோர் உரிய காலத்தில் உருவாகாமையே. 2014இல் ஆசிரியர் பிரிந்தார், மூத்த மாணவர் நின்றனர், அணி வென்றது. 2016இல் அம்மூத்த மாணவருள் ஜயவர்தனவும் சங்கக்காரவும் இல்லை, அணி வீழ்ந்தது.

இனி, அவ்வாறு செல்வது அறமாகுமா என்னும் வினா எஞ்சுகின்றது. இவ்வினா பாரதக் கதையை அறிந்தார்க்குப் பழகியதே. பாண்டவருக்கும் கௌரவருக்கும் வில் வித்தை பயிற்றிய துரோணர், குருட்சேத்திரத்தில் தம் தலைமாணவனாகிய அருச்சுனனுக்கு எதிரே நின்றார். போர் தொடங்குமுன் வணங்கி நின்ற தருமனிடம், பொருளாற் கட்டுண்டமையால் கௌரவர் பக்கம் நிற்க நேர்ந்ததென்று அவர் தம் நிலையை மறையாது உரைத்தார். பாண்டவர் அவரை இகழவில்லை; அவர் கற்பித்த வித்தையை மறக்கவும் இல்லை. வணங்கிய கையாலேயே வில்லை எடுத்தனர். எதிரே நிற்பவரை ஆசிரியராக மதித்தலும், அவரோடு தளராது பொருதலும் ஒன்றற்கொன்று முரணல்ல என்பதே அக்காட்சி உணர்த்துவது.

தற்காலப் பயிற்றுநர் ஊதியத்துக்குப் பணிபுரிபவர், ஒப்பந்தத்தாற் கட்டுண்டவர். ஒப்பந்தம் இடந்தருமிடத்துப் பெயர்ந்து செல்லல் குற்றமாகாது. அணிக்கு அச்சமுண்டாயின் அதனை முன்னரே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளல் வேண்டும். விலகுவதை இத்தனை மாதங்களுக்கு முன் அறிவித்தல் வேண்டும் என்றோ, விலகியபின் சிறிது காலம் ஊதியம் பெற்றுக்கொண்டு எதிரணியிற் சேராதிருத்தல் வேண்டும் என்றோ விதித்தல் பல தொழில்களில் உள்ள வழக்கமே. ஒப்பந்தத்துக்கு அப்பாற்பட்டதும் ஒன்றுண்டு. தம்மை நம்பி ஒருவன் சொல்லிய உள்ளத்துயரை எதிரணியின் முன் எடுத்துரையாதிருத்தல் ஆசிரியனின் அறம். ஆட்டத்தின் நுட்பத்தை உரைப்பது அவன் தொழில். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டம் வகுக்க மாட்டாது. மனச்சான்றே வகுத்தல் வேண்டும்.

இவ்வாராய்ச்சி ஹாலிஎல போன்ற சிற்றூர்களுக்கு நெருங்கிய பயனுடையது. மலைநாட்டின் சிறிய பாடசாலையொன்றில் மாணவரின் அன்பைப் பெற்ற ஒருவர், கணக்கு ஆசிரியராயினும் விளையாட்டுப் பயிற்றுநராயினும், இடமாற்றம் பெற்று நகரத்துப் பெரிய கல்லூரிக்குச் செல்லும் நாள் அப்பாடசாலைக்குத் துயர்நாளே. அடுத்த ஆண்டுப் போட்டியில் அவர் எதிர்ப்பக்கத்து எல்லைக் கோட்டருகே நிற்பதைக் காணும் மாணவனின் நெஞ்சு கனத்தல் இயல்பே. அவரைத் தடுக்கும் ஆற்றல் சிற்றூருக்கு இல்லை. ஆனால் அவர் உள்ளபொழுதே செய்யத்தக்கன மூன்று உள. அவர் கையாளும் பயிற்சி முறையை ஒழுங்காக எழுதி வைத்தல் ஒன்று. அவர் அருகே துணைவர் ஒருவரைப் பழக்குதல் இரண்டு. மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பிக்கும் வழக்கத்தை நிலைநாட்டுதல் மூன்று. இம்மூன்றும் உள்ள இடத்தில் ஆசிரியரின் பிரிவு துயரந் தருமேயன்றி அழிவு தராது.

துண்டுக் காலத்தில் தலைவன் நீங்கியதும் தோட்டம் வெறுமையாயிற்று. ஏனெனின் ஆட்கள் அவனுடைய கடனிற் கட்டுண்டிருந்தனர். கல்வியாற் கட்டுண்ட கூட்டம் அத்தன்மையதன்று. ஹெடிங்லியின் அந்த இறுதி மாலையில், தம்மை விட்டுச் சென்ற ஆசிரியரின் கண்முன்னே, எஞ்சியிருந்த இரண்டு பந்துகளுள் ஒன்றைச் செம்மையாக வீசிய எரங்கவிடத்து வெளிப்பட்டது பகைமையன்று. கற்றது தன்னுடையதாகிவிட்ட மாணவனின் உறுதியே ஆகும். அத்தகைய உறுதியை விளைவித்துவிட்டுச் செல்பவர் எங்கே சென்றாலும் ஆசிரியரே. அதனைக் காத்துக்கொள்ளும் அணி எவரை இழந்தாலும் அணியே.